சுகன்யாவின் கம்ப்யூட்டரும் பொய் சொன்ன ஐந்நூறு வாட்டும்

புது மதர்போர்டின் கவரைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும் பாருங்கள்... பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி. திருவொற்றியூரில் சுகன்யா வீட்டு முன்னறையில், கடல் காற்றோடு சேர்த்து அதை முகர்ந்தபோது எங்கள் இருவருக்கும் இருபத்து மூன்று வயது.

சுகன்யா என் கல்லூரித் தோழி. அப்பா விசைப்படகு ஓட்டுபவர். அவள் கல்யாண வீடியோ எடுப்பாள். எடிட்டிங்குக்கு மட்டும் ராயபுரத்தில் ஒரு ஸ்டுடியோ வாசலில் காத்துக் கிடப்பாள். அது வெறுத்துப்போய், பாகம் பாகமாக வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த நான் லீவு போட்டுவிட்டு வந்து, மேனுவலைப் படித்துச் சொன்னேன்.

அதில் அவள் முடிக்க வேண்டிய முதல் வேலை, அதே தெரு அமுதாவின் கல்யாண வீடியோ. மாப்பிள்ளைக்குச் சரக்குக் கப்பலில் வேலை. சனிக்கிழமை மதியம் மும்பைக்கு ரயில், அங்கிருந்து கப்பல். திரும்பி வர ஒன்பது மாதம். அதற்குள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அமுதாவின் ஆசை. பெண் பிள்ளையிடம் கொடுத்தால் நேரத்துக்கு வராது என்று தெருவே சொன்னபோது, அவள்தான் சண்டை போட்டு இந்த வேலையைச் சுகன்யாவுக்குக் கொடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை எடிட்டிங் முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்க்கும் ரெண்டரிங் மட்டும் பாக்கி. சுகன்யா பட்டனை அழுத்தினாள்.

மூன்று சதவீதம்... நான்கு...

டப்.

திரை இருண்டது. மறுபடி போட்டோம். மறுபடி நான்கில் டப்.

சூடாகிறது என்று நினைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். டப். வீட்டில் வோல்டேஜ் குறைவோ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனோம். அங்கேயும் டப். அமுதா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். அவள் திட்டியிருந்தால் கூடத் தேவலை.

கடைசியில், ரெண்டரிங்கை வேகமாக்கும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தாள் சுகன்யா. அணையவில்லை! ஆனால் அந்த வேகத்தில் ஓடினால் படம் முடிவதற்குள் மாப்பிள்ளை கப்பலேறி இரண்டு நாள் ஆகியிருக்கும்.

கார்டு இருந்தால் அணைகிறது, இல்லாவிட்டால் ஓடுகிறது. அப்படியென்றால் கார்டுக்குக் கரண்ட் போதவில்லை...

இருவரும் ஒரே நேரத்தில் பவர் சப்ளையைப் பார்த்தோம். கேபினட்டோடு இலவசமாக வந்த பெட்டி. கழற்றிக் கையில் வைத்தால் காலி டிபன் பாக்ஸ் போல அத்தனை லேசு. மேலே பெரிதாக 500 வாட் என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர். கம்ப்யூட்டரில் நிஜமாகப் பசிக்கிற பிராசஸருக்கும் கார்டுக்கும் சோறு போடுவது அந்த 12 வோல்ட்தான்.

சுகன்யா போனில் பெருக்கிப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வாட்.

"இன்னாடி இது... ஐந்நூறுன்னு போட்டுகினு பாதி கூடத் தரல. நாம கரண்ட்டைத் திட்டிகினு கீறோம்."

வெள்ளிக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஏறினோம். வழக்கம்போல பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக வண்டி நின்றது. அமுதாவின் கல்யாணப் பத்திரிகை என் பையில் இருந்தது. அதன் பின்பக்கம் கணக்குப் போட்டோம். பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 125 வாட், கார்டு 200, மற்றதெல்லாம் சேர்த்து 50. மொத்தம் 375. மூச்சு முட்டாமல் ஓட மேலே கொஞ்சம் இடம் வேண்டும். ஐந்நூற்றைம்பது போதும், ஆனால் அது உண்மையான ஐந்நூற்றைம்பதாக இருக்க வேண்டும். வண்டி கிளம்பியபோது பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது எங்களுக்கு.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் பாய் 750 என்று எழுதிய ஒன்றை எடுத்து நீட்டினார். அதுவும் லேசாகவே இருந்தது.

"பெரிய நம்பர் வேணாம் பாய். பன்னெண்டு வோல்ட்டுல எத்தினி ஆம்பியர் தருது, அத்த காட்டுங்க" என்றாள் சுகன்யா.

பாய் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். நீட்டியதைத் திரும்ப வைத்துவிட்டு, உள் அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து வந்தார். இரண்டு கையால் வாங்க வேண்டியிருந்தது. கட்டத்தில் 45 ஆம்பியர், பெருக்கினால் 540 வாட். சுகன்யா என் தோளைக் கிள்ளிய இடம் இரண்டு நாள் வலித்தது.

மாலை நான்கு மணிக்கு மாட்டி முடித்தோம். விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அமுதா, அவள் மாமியார், எதிர்வீட்டுக்காரர்கள் என்று முன்னறையில் கால் வைக்க இடமில்லை.

மூன்று... நான்கு...

ஐந்து.

சுகன்யா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பத்து, இருபது என்று அது பாட்டுக்கு ஏறியது. மாமியார் அம்மாள், ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி, வாசலில் நின்றவர்களுக்குச் சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தார். நூறு வந்ததும் அமுதா ஓடிவந்து சுகன்யாவைக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மணமக்கள் அந்த முன்னறையிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். தாலி கட்டும் இடத்தை மட்டும் மாப்பிள்ளை இரண்டு முறை ஓட்டச் சொன்னார். பென் டிரைவைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார். அடுத்த மாதமே அந்தத் தெருவில் சுகன்யாவுக்கு மூன்று கல்யாணங்கள் வந்தன.

இப்போது அவளுக்குத் திருவொற்றியூரில் சொந்த ஸ்டுடியோ. நான் சோழிங்கநல்லூரில், நகரத்தின் இந்தக் கோடியில்.

போன மாதம் ஆபீசில் எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். மெல்லியது, அழகானது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் இல்லை. திறந்ததும் வேலை செய்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை...

அது முதன்முதலில் உயிர் பெற்றபோது, வந்து பார் என்று யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.