சித்தப்பா கடித்த மீன்

தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடையில் சித்தப்பா லாரி ஓட்டுவதை விட்டு, பாதியாய் இளைத்த உடம்போடு வீட்டுக்கு வந்தார். ரத்தத்தில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். ஒரகடத்து வெயில், புழுதி, ஏரிக்காற்று எல்லாம் வழக்கம்போல. அவருடைய தட்டு மட்டும் கொல்லைக்குப் போய்விட்டது. அவரும் அங்கேதான், மாட்டுக் கொட்டகையோரம். "கிட்ட போவாத" என்றார் அப்பா. வாலாஜாபாத்தில் ஓர் அறை பிடித்து அவரைத் தனியே விட்டுவிடுவதென்று முடிவாகி, வண்டிக்கும் சொல்லியாயிற்று.

வண்டி வரவிருந்த அன்று காலையில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, சென்னையில் நர்ஸ்.

"தொட்டா ஒட்டிக்க அது இன்னா சேறாண்ணே?"

"பின்ன எப்டிதான் வருதாம்?"

தொழிற்சாலைச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் அத்தை உட்கார்ந்தாள். சட்டை வெட்ட வைத்திருந்த அளவு அட்டைகளைக் கையில் எடுத்தாள்.

"அண்ணி, ரத்தத்துல காவல் அணு ஒண்ணு கீது. அதும்மேல இருக்கிற கொக்கியில இந்தக் கிருமி மாட்டிக்கும். மேல்சட்டையக் கழட்டிட்டு உள்ள பூந்துடும். அது கொண்டாற சட்டை அளவு மெல்லிசுக் காகிதத்துல இருக்கும். அதப் பாத்து அட்டையில வரைஞ்சி, உங்க அட்டைக் கட்டுக்குள்ளயே சொருகிடும். அப்பறம் எது யாரோடதுன்னு கத்திரிக்குத் தெரியுமா?"

அம்மா மிதிப்பதை நிறுத்தினாள். "தெரியாது. வெட்டிக்கினே போவும்."

"அதான். நம்ம துணி, நம்ம நூலு, அதுக்குச் சட்டை. பொறக்கிற ஒவ்வொண்ணும் அந்த அணுவோட தோலையே போத்திக்கினு அடுத்த அணுவத் தேடிப் போவும். காவக்காரன் செத்தா வூடு தொறந்து கெடக்கும். ரத்தத்துல, ஒடம்பு சேர்றதுல, பிரசவத்துல, தாய்ப்பால்ல பரவும். தட்டுல பரவாதுண்ணே."

"அந்த ஒரு அட்டைய உருவிட முடியாதாம்மா?" என்றார் அப்பா.

அத்தை அட்டைகளை அடுக்கி வைத்தாள்.

மத்தியானம் அப்பா கொல்லைக்குப் போய்த் தட்டையும் தம்பியையும் உள்ளே கூட்டி வந்தார். ஏரி மீன் குழம்பு. சித்தப்பா ஒரு துண்டைக் கடித்து, முடியாமல், அப்படியே வைத்துவிட்டார். அப்பா கையை நீட்டி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எச்சில் தின்றால் எங்கள் முதுகைப் பிளப்பவர்!

"ஐயே, அப்பா எச்சி!" என்று கத்தினேன்.

வாசலில் ஹாரன் கேட்டது. வண்டியைத் திருப்பி அனுப்ப அம்மா எழுந்து போனாள்.

அப்பாவின் தட்டில் மீன் முழுசாகவே கிடந்தது. அப்படியும் இந்த மனுஷனுக்கு என்ன ஆசை என்று நினைத்து, என் துண்டை நான் கையால் மூடிக்கொண்டேன்.