மழைக்காலத்தில் ஈரம் ஏற்றிய பெட்டி

காலை ஆறு ஐம்பது. பெட்டியின் உள்தட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள். புதுச் செருப்போ கைப்பையோ வாங்கினால் உள்ளே கிடக்குமே, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அடைத்த சின்னப் பொட்டலம், அதுதான். தின்னக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. லாத்தா இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள். தாராவியில் அவளுடைய பட்டறையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. கீழே சந்தில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பத்து நாளா தண்ணி குடுத்தோம்லா தம்பி, அத்தனையும் இதுக குடிச்சிட்டு" என்றாள்.

லாத்தா என் உடன்பிறந்த அக்கா. அவள் கணவர், என் மச்சான், அதற்கு முந்தைய ஆண்டு காலமாகியிருந்தார். தோல் பர்ஸும் பையும் தைக்கும் அந்தப் பட்டறை நான்கு தையல்காரர்களோடு அவள் கைக்கு வந்தது. வேலை குறைந்துகொண்டே வந்தது. மச்சானின் தம்பிக்கும் அதில் பங்கு உண்டு. மெஷின்களை விற்றுவிட்டு, மொபைல் கவர் சரக்கு வைக்க அறையை வாடகைக்கு விடலாம் என்பது அவருடைய யோசனை. லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில்தான் தென் மும்பையின் பெரிய ஹோட்டல் ஒன்று, விருந்தினர் கூடத்தில் வைக்கத் தோல் போர்த்திய சுருட்டுப் பெட்டிகள் வேண்டும், முதலில் ஒரு மாதிரி அனுப்புங்கள் என்று கேட்டது. மாதிரி தேறினால் பட்டறை நடக்கட்டும், தேறாவிட்டால் மெஷின்கள் போகட்டும் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

சுருட்டுப் பெட்டி என்றால் வெறும் பெட்டி அல்ல என்பதை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். விலை உயர்ந்த சுருட்டு காய்ந்தால் அதன் மேலிலை வெடிக்கும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பூக்கும். காற்றின் ஈரப்பதம் எழுபது சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். அதற்காக உள்ளே செடார் மரப் பலகை அடித்து, காற்றுப் புகாத மூடி போட்டு, மூடியின் உட்புறம் ஈரத்தைக் காட்டும் வட்ட முள் ஒன்றைப் பதிக்கிறார்கள். புதுப் பலகை காய்ந்து கிடக்கும். முதலில் அது வயிறார ஈரம் குடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சுருட்டின் ஈரத்தை அது குடிக்கும். இதையெல்லாம் முள்ளோடு வந்த ஆங்கிலத் தாளிலிருந்து லாத்தாவுக்குப் படித்துச் சொன்னவன் நான். அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன், மாட்டுங்காவில் வீடு. தாளில் சொன்னபடியே எல்லாம் செய்தோம். முள் எழுபதில் நின்றபிறகே பெட்டி ஹோட்டலுக்குப் போனது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. முள் ஐம்பதுக்குக் கீழே கிடந்தது, பலகை சுருங்கி மூடியின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, அவர்கள் வைத்துப் பார்த்த சுருட்டுகளின் இலை வெடித்திருந்தது.

பொட்டலங்களைப் போட்டது, பட்டறையில் சாமான்களைக் கட்டி அனுப்பும் பேக்கிங் அக்கா. அவளைக் குற்றம் சொல்ல வழியில்லை. மும்பை மழையில் தோல் சாமானுக்குப் பகை ஈரம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தச் சந்தில் எந்தப் பட்டறையிலும் இந்தப் பொட்டலம் இல்லாமல் ஒரு பர்ஸ்கூட வெளியே போகாது. தட்டுக்கு அடியில் வைத்தால் பார்வைக்கு அசிங்கமாக இராது என்று நினைத்து அங்கே வைத்திருக்கிறாள். பெட்டிக்கு ஈரம் வேண்டும் என்று லாத்தா சொன்னதும் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "இத்தன வருசமா இதத்தான போடுதேன், ஒரு பையாவது பூத்துருக்கா? மழக்காலத்துல சாமானுக்கு ஈரம் ஏத்தச் சொல்லுத ஊரு எந்த ஊரு?" தாளை எழுதியவர்கள் வறண்ட குளிர்தேசத்தார். ஈரத்தை உறிஞ்சும் பொட்டலத்தை யாராவது உள்ளே வைப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியே இருக்காது.

லாத்தா அன்றே ஹோட்டல் மேனேஜருக்குப் போன் செய்து இன்னொரு வாய்ப்புக் கேட்டாள். நடந்ததை மறைக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார். புதுப் பெட்டி செய்ய நேரம் இல்லை, இதே பெட்டிதான் என்று முடிவு செய்தாள். கொழுந்தன் வந்தார். "மதினி, சுருட்டு குடிக்கிறவனுக்குப் பொட்டி செய்யணும்னு நமக்கு என்ன விதி? அண்ணன் இருந்தா சம்மதிப்பாரா?" என்று என்னையும் பார்த்துக் கேட்டார். வெற்றிலைகூடப் போடாதவள் லாத்தா. நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "வட்டிக்காசு வைப்பான்னு பர்ஸு தைக்காம இருந்தியளா? அவன் உள்ள எத வைக்கான்னு நம்ம பாக்க முடியாது. மூடி சரியா மூடுதான்னுதான் பாக்கணும்."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். முள் சரியாகக் காட்டுகிறதா என்பதை முதலில் சோதித்தோம். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, முள்ளோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் இறுக்கி வைத்தால் மறுநாள் எழுபத்தைந்து காட்ட வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. பின்னால் இருந்த திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். குழாய்த் தண்ணீர் கூடாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும் என்பதால் கிங்ஸ் சர்க்கிளில் கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு கேன் வாங்கிப் போனேன். புதுப் பஞ்சை அதில் நனைத்துப் பிழிந்து, சாஸரில் வைத்து, சாஸருக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்துப் பெட்டியை மூடினோம். பலகையை ஈரத்துணியால் துடைத்தால் சீக்கிரம் முடியுமே என்று தையல்காரர் ஒருவர் சொன்னார். தோலை வளைக்க அப்படித்தான் நனைப்பார்கள். லாத்தா வேண்டாம் என்றாள். அவசரத்தில் ஊதிய பலகை அப்புறம் கோணும் என்று தாளில் இருந்தது அவள் நினைவில் இருந்தது.

பெட்டியைப் பட்டறையில் வைக்க முடியாது. தோல் ஒட்டும் பசையின் நெடியைச் செடார் வாங்கிக்கொள்ளும். ஆகவே பட்டறைக்கு மேலே இருந்த தன் ஒற்றை அறை வீட்டில், பீரோவின் மேல் வைத்தாள். அன்று முதல் அந்த வீட்டில் மீன் பொரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடவில்லை. வெங்காயம் தாளிப்பதுகூடப் பக்கத்து வீட்டு அடுப்பில். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று சத்தமாகவே கேட்டாள், "ஏட்டி, சுருட்டுப் பொட்டிக்காவ நீ நோம்பு பிடிக்கியா?" லாத்தா, "ஆமா, பெருநாளைக்கு ஒனக்கும் பிரியாணி தாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்கு அடக்க முடியாதது ஒன்றுதான். முள்ளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் வெளியே இருந்த மழைக்காற்று உள்ளே புகுந்து முள் எண்பதுக்கு மேலே ஏறியது. இரண்டு நாள் இப்படிப் போனபின் பெட்டியைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள். "நீ வச்சுக்க. எங் கை சும்மா இருக்காது." சாவியோடு மாட்டுங்காவுக்குத் திரும்பினேன். காலையில் ஒருமுறை போய்த் திறந்து பார்ப்பேன். அவள் கதவோரம் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரைப் படிப்பவனை வீட்டார் பார்ப்பதுபோல என்று அப்போது நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. அவள் முகத்தில் கவலை இருந்ததாக எனக்கு நினைவில்லை. எண்ணைக் கேட்டுவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

மூடியின் ஓரம் மெல்ல இறங்கியது. சாஸரை எடுத்தபிறகு முள் சற்றே கீழே வந்து, எழுபதுக்கு ஒரு கோடு முன்னால் நின்றது. இனி அனுப்பலாம் என்றேன். "ஓட்டல்ல ஏசி உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். "அப்பம் ஏசில வச்சுப் பாக்கணும். இந்த ஊரு மழையில எதுதான் ஈரமா நிக்காது?" சரியான கேள்வி. பெட்டியை என் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஓய்வு பெறுகிறாயா, யார் கொடுத்த பரிசு என்று சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். எங்கள் நியூஸ் டெஸ்க்கில் ஏசி எப்போதும் நடுங்க வைக்கும். மூன்று நாள் கழித்தும் முள் அங்கேயே நின்றது.

பேக்கிங் அன்று லாத்தா பொட்டல டப்பாவைத் தன் புடவை மூட்டைக்குள் ஒளித்துவைத்துவிட்டாள். பேக்கிங் அக்கா பழக்கத்தில் மேசைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். "ஒண்ணும் போடாம அனுப்ப மனசு கேக்கலியே" என்றாள். "ஒரு வார்த்த சொல்லிப் போடு, போதும்" என்றாள் லாத்தா. பேக்கிங் அக்கா நிஜமாகவே பெட்டியின்மேல் கைவைத்து, முருகா என்றாள்.

ஹோட்டலுக்கு நானும் கூடப் போனேன். மேனேஜர் உடனே திறக்கப் போனார். லாத்தா மூடியின்மேல் கையை வைத்தாள். "சாப், ஆஜ் மத் கோலோ" என்று தன் தாராவி இந்தியில், இன்று திறக்க வேண்டாம் என்றாள். சுருட்டுகளை உள்ளே வைத்து, அவருடைய ஏசி அறையிலேயே விட்டு, ஒரு வாரம் கழித்துத் தன் முன்னால் திறக்க வேண்டும் என்று கேட்டாள். வாங்குபவரிடம் இப்படிப் பேசலாமா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அந்த வாரத்துக்குள் கொழுந்தன் மெஷின்களுக்கு ஆள் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை மாலை டெம்போ வரும் என்று சொல்லியனுப்பினார். லாத்தா பதில் அனுப்பவில்லை. திங்கள் காலை மேனேஜர் எங்கள் முன்னால் பெட்டியைத் திறந்தார். தன்னுடைய கருவி ஒன்றை உள்ளே வைத்து மூடி, தேநீர் வரவழைத்தார். லாத்தா தேநீரைத் தொடவில்லை. மறுபடி திறந்தபோது இரண்டு முள்ளும் அறுபத்தெட்டில் இருந்தன. ஒரு சுருட்டை எடுத்து விரலால் அழுத்தி, காய்ந்த இலை நொறுங்கும் சத்தம் வருகிறதா என்று காதருகே வைத்துக் கேட்டார். மாதிரி தேறினால் நாற்பது பெட்டி என்று முன்பு பேச்சு. முதலில் பன்னிரண்டு போதும் என்றார். லாத்தா சரி என்றாள்.

மாலையில் மெஷின்களை ஏற்ற டெம்போ வந்து சந்து முனையில் நின்றது. லாத்தா ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பன்னிரண்டு பெட்டிக்கும் மரவேலை செய்யப்போகும் தச்சர் இருக்கும் செம்பூருக்கு வண்டியை விடச் சொன்னாள்.