எங்கள் வீட்டு டிவியில் பழுதில்லை

1988 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். பகலெல்லாம் கொளுத்திய வெயில் இறங்கி, மேற்கே டிவி டவர் இருக்கும் கொடைக்கானல் மலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. மழை வரும்போல இருந்தது, வரவில்லை. காற்று மட்டும் பலமாக அடித்தது. சமயநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், பதினெட்டு அடி இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்தபடி நான் நின்றிருந்தேன். குழாயின் உச்சியில் ஆன்டெனா. கீழே டிவிக்கு முன்னால் என் மனைவி.

"தெரியுதா?"

"இல்லைங்க!"

"இப்ப?"

"பால்ல முக்கி எடுத்தாப்புலயே இருக்குங்க!"

டிவி வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. பதினான்கு அங்குலம், கறுப்பு வெள்ளை. வாங்கிய நாளிலிருந்து அவளுக்குப் படம் தெளிவில்லை. நான் பஞ்சாலையில் ஸ்டோர் கிளார்க். போல்ட்டும் நட்டும் எண்ணியே பழகியவன். அதனால் அன்றோடு இருபத்துமூன்றாவது முறை மாடி ஏறியிருக்கிறேன் என்பது நன்றாகத் தெரியும். மதுரை டவுனிலிருந்து டிவி ரிப்பேர் செய்யும் பாய் நான்கு முறை வந்துவிட்டார். முதலில் வயரை மாற்றினார். பிறகு ஆன்டெனாவையே மாற்றினார். கடைசியாக, சிக்னலைக் கூட்டித் தரும் என்று பூஸ்டர் என்ற சின்னப் பெட்டியை வைத்தார்.

"மலையில மழைண்ணே. அங்க நனைஞ்சா இங்க தெளியாது."

"சித்திரையிலயும் தெளியலையே பாய்?"

"அப்ப மலையில வெயிலுண்ணே."

எனக்குப் படத்தில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் நான் நாற்பது வயதிலிருந்து கண்ணாடி போட்டவன். அவள் கண்ணாடியே போடாதவள். கண்ணாடி போட்டவனுக்கு எட்டாத ஏதோ ஒரு தெளிவு அவளுக்கு எட்டுகிறது என்று நினைத்து, அவள் பேச்சை நம்பி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று அவசரம் எனக்குத்தான். வியாழக்கிழமை மருத்துவ நிகழ்ச்சி வரும் நாள். ஒரு வாரமும் விட்டதில்லை. ஈரல் வலப்பக்கம் இருக்கிறது என்பதை நாற்பத்தெட்டாம் வயதில் அதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை இடப்பக்கம் சுருக்கென்றாலே ஈரல் போயிற்று என்று நடுங்கிக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒரு பாடத்திலேயே பாதி நோய் போய்விட்டது.

கீழே ஓடி வந்தபோது நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. ஒரு பெண் டாக்டர் தேங்காய் அளவுள்ள கண் பொம்மையை மேசையில் வைத்து, அடுக்கடுக்காகக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். இத்தனை அறைகளா ஒரு கண்ணுக்குள்! நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"இப்போது வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பாருங்கள்," என்றார் டாக்டர். இரண்டு பேரும் மூடினோம். தெரிந்தது. "இனி இடது கண்ணை மூடுங்கள்."

மூடினோம்.

"போச்சு! சுத்தமாப் போச்சு!" என்று அவள் கத்தினாள். "காத்துல ஆன்டெனா திரும்பிருச்சுங்க. ஓடுங்க மேல!"

நான் ஓடியேவிட்டேன். மாடிப்படியில் ஒரு காலை வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். திரையில் டாக்டர் பளிச்சென்று இருந்தார். இவள் இடது கண்ணைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"கைய எடு," என்றேன்.

"வந்துருச்சு! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. திரும்ப மூடு."

"போச்சு."

"எடு."

"வந்துருச்சுங்க," என்றாள். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை பால் போல வெளுத்துப்போவதுதான் கண்புரை, என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். முற்ற விட்டால் கண்ணே கெட்டுவிடலாம். ஆபரேஷன் ஒன்றுதான் வழி. அடுத்த வாரம் அதையே காட்டப்போகிறோம்.

அவள் இன்னொரு முறை இடது கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். பிறகு, "அப்ப சோத்துல கல்லு கெடந்ததுக்கு அரிசிக்கடைக்காரன வஞ்சதெல்லாம் வீணாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் மட்டும் என் தட்டில் ஒன்பது கல்.

ஆஸ்பத்திரி என்றதும் மாட்டேன் என்றுவிட்டாள். கண்ணை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துக் கழுவித் திரும்ப வைப்பார்களாம். வாடிப்பட்டியில் இருக்கும் அவளுடைய சின்னம்மா சொன்னது.

"கழுவுறப்ப கை தவறுச்சுன்னா? இன்னொருத்தி கண்ண மாத்தி வச்சுட்டா? நான் வரல. ஒத்தக் கண்ணு போதும்."

"அந்தக் கண்ணுலயும் லேசா மங்கல் இருக்குன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். அதுக்கு?"

அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. வியாழக்கிழமை அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டால்? மின்வாரியத்துக்கு ஒரு கும்பிடு, மலைக்கு ஒரு கும்பிடு போட்டேன். கரண்ட் இருந்தது. அவள் டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, நல்ல கண்ணால் பார்த்தாள்.

திரை முழுவதும் ஒரு கண். டாக்டரின் கையில் கத்தி. அதைக் கண்டதும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏங்க, கண்ணு அங்கனயேதாங்க இருக்கு!"

"ம்."

"ஓரத்துல லேசாக் கீறுறாங்க. ரத்தமே இல்ல! திரும்பிப் பாருங்களேன்."

"நீ சொல்லு, போதும்."

"உள்ளேருந்து என்னமோ வருதுங்க... மொச்சைப் பருப்பாட்டம், வெள்ளையா... வந்துருச்சு! வெளிய எடுத்துட்டாங்க! அதத்தான் எடுக்குறாங்க, கண்ண இல்ல! அம்புட்டுத்தானா? இதுக்கா எங்க சின்னம்மா தட்டு, தண்ணின்னு கத கட்டுச்சு?" தொடையில் அடித்துச் சிரித்தாள். "ஆம்பளையப் பாரு, சொவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறத!"

மறுநாள் முதல் பஸ்ஸில் எனக்கு முன்னால் அவள் ஏறினாள். மதுரையில் கண் டாக்டர், ஒரு கண் மட்டும் இப்படி முற்றியிருக்கிறதே, சின்ன வயதில் அடிபட்டதுண்டா என்று கேட்டார். அண்ணன் அடித்த கிட்டிப்புள் அந்தக் கண்ணில் தெறித்தது என்றாள். கழற்றும் வில்லைக்குப் பதிலாகக் கண்ணுக்குள்ளேயே புது வில்லை வைக்கலாம், ஆனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், செலவாகும் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மனக்கணக்குப் போடாமல் தலையாட்டினேன். வாழ்க்கையில் அப்படி ஆட்டியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்து, ஒரு வியாழக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்தாள். இடது கண்ணைப் பொத்தினாள். நான் பழக்கத்தில் மாடிப்படி அருகே போய் நின்றுகொண்டேன்.

"தெரியுதா?"

அவள் திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்தாள்.

"தெரியுதா இல்லையா?"

"அந்த டாக்டரம்மா மூக்குத்தி போட்டிருக்காங்க," என்றாள். "இத்தன நாளும் சொல்லவே இல்லையே நீங்க!"

அந்த வாரமே பாய் எட்டிப்பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மதினிக்குக் கண்ணு வந்துருச்சு, எனக்குத்தாண்ணே பொழப்புப் போச்சு!"

அன்றிரவு செலவைக் கூட்டினேன். புது வில்லை, ஆபரேஷன், மருந்து, கறுப்புக் கண்ணாடி, பஸ் எல்லாம் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு. வயர், ஆன்டெனா, பூஸ்டர், பாயின் கூலி ஐந்நூற்று எழுபத்துமூன்று. இரண்டாவதைக் கண் செலவில் சேர்க்கக் கூடாது, அது டிவி செலவு என்று அவள் சண்டை போட்டாள். சேர்த்துத்தான் எழுதினேன். அந்தக் கண்ணுக்காகத்தானே அத்தனையும் வாங்கினேன்? ஆக மொத்தம் ரூபாய் 2,495.