படிக்காமல் சொன்ன பதில்

கோவில்பட்டியில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டர் கிளார்க்காக இருந்தேன். இன்டர்நெட் பேங்கிங் வந்த புதிது. பசுவந்தனைப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்கா வருவார். ஆடு வளர்ப்பவர். அவர் கணவர் துபாயில் லாரி ஓட்டினார். லீவில் வந்தபோது கணக்குக்கு இன்டர்நெட் வசதி வாங்கி, மனைவிக்கு ஓர் இமெயிலும் தொடங்கிக் கொடுத்துப் போயிருந்தார். சந்தைக்கு ஆடு கொண்டுவரும் நாளில் அக்கா பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கணவர் எழுதியதைப் படித்துவிட்டுத் திரும்புவார்.

ஒருநாள், பென்ஷன் கூட்டம் நெருக்கியடித்த நேரத்தில், ஒரு தாளை என்னிடம் நீட்டினார். மேலே எங்கள் வங்கியின் சின்னம்.

“பாஸ்வேர்டு குடுக்கலன்னா கணக்க முடக்கிருவோம்னு மெயில் வந்திருக்கு சார். நம்ம பேங்க் அனுப்புனதுதானா?”

சின்னத்தை மட்டும் பார்த்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. “நம்ம பேங்க்தான்க்கா. கேட்டதக் குடுத்துருங்க.”

நான்காம் நாள் மேனேஜர் அறையில் அக்கா அழுதுகொண்டிருந்தார். வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த பணம் மொத்தமும் வடக்கே ஏதோ ஓர் ஊர்க் கணக்குக்குப் போய்விட்டது. பணம் போய்ச் சேர்ந்த அன்றே அங்கே எடுத்தும்விட்டார்கள்.

“யாரக் கேட்டும்மா பாஸ்வேர்ட குடுத்தீங்க?” என்றார் மேனேஜர்.

கையில் லெட்ஜருடன் வாசலில் நின்ற என்னை அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“நானாத்தான் குடுத்தேன் சார்.”

அப்போதே உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள், என்னைக் கேட்டுத்தான் கொடுத்தார் என்று எழுதி மேனேஜரிடம் நீட்டினேன்.

“ஏன்வே வம்ப வெலைக்கு வாங்குதீரு? அந்தம்மாவே ஒம்மச் சொல்லலையே!”

“அதனாலதான் சார்.”

விசாரணை வந்தது. எனக்கு ஓர் இன்கிரிமென்ட் நின்றது. பல மாதம் இழுத்து, போன பணத்தில் பாதியை வங்கி அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்தது. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எங்க வீட்டுக்காரவிய இனிமே அவிய தம்பி கணக்குக்குத்தான் பணம் அனுப்புவாகளாம். செலவுக்கு நான் கொழுந்தன்கிட்ட போய் நிக்கணும். ‘எட்டாப்பு படிச்சவள நம்புனது என் தப்பு’ங்காவ.”

“தப்பு என்னோடதுன்னு நான் அவருக்கு எழுதுதேன்க்கா.”

“எழுதுங்க சார்” என்றார், நம்பிக்கையில்லாமல்.

அவர் இமெயில் முகவரியை அக்காவிடம் வாங்கி, அன்றே பிரவுசிங் சென்டருக்குப் போய் நீளமாக ஒரு மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். முன்பின் தெரியாத ஒருவன் வங்கியிலிருந்து எழுதுகிறேன் என்று சொன்னால், அந்த மனிதர் இனி எப்படி நம்புவார் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.