பூசையில் வைத்த இரண்டு டிஸ்க்குகள்

அன்று கோப்பாய் வாசிகசாலையில் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், பூசைக்கு வந்த ஐயர் இருந்தார், ஸ்கேன் வேலைக்குப் பொறுப்பான நானும் இருந்தேன். "ரெண்டு பிரதியும் ஒருநாளும் ஒரு கூரைக்குக் கீழை இருக்கக் கூடாது" என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே அலுத்த பல்கலைக்கழக நூலகர் அம்மா இல்லை.

பிரதிகள் என்றது கல்வெட்டுகளின் பிரதிகளை. இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். படம், வம்சாவளி, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது அடித்ததில்லை. எனக்கு முன் வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஆளில்லை. அதனாலோ என்னவோ, ஊரார் பெட்டிகளில் கிடந்தவற்றை வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுக்கும் வேலையை ஒருவித வெறியோடு செய்தேன். எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பதிந்தேன். ஒன்று வாசிகசாலை அலுமாரியில் இருந்தது. மற்றது சுன்னாகத்தில், செயலாளர் வீட்டில்.

சரஸ்வதி பூசைக்குச் செயலாளர் அதையும் கொண்டுவந்துவிட்டார்.

"அண்ணை, ரெண்டையும் ஒண்டாய் வைக்கக் கூடாதெல்லே?" என்றேன்.

"புத்தகம் வைக்கலாம், உது வைக்கக் கூடாதோ? உதுக்குள்ளை இருக்கிறதும் எழுத்துத்தானே?"

தலைவர் சிரித்தார். "தம்பி நாலெழுத்துப் படிச்சவுடனை சரஸ்வதி அம்மாளுக்கே சட்டம் சொல்லுறார்."

ஐயர் இரண்டுக்கும் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகவே வைத்தார். பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடுவதில்லை.

விஜயதசமி காலையில் ஓர் அம்மா வந்தார். அடுத்த கிழமை கணவரின் திவசம். நான் திருப்பிக் கொடுத்த கல்வெட்டு வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டதாம்.

"மற்றப் படமெல்லாம் இடம்பெயர்ந்ததோடை போச்சுது தம்பி. அவரின்ரை முகம் உங்களிட்டைதான் இருக்கு. அந்த ஒரு பக்கத்தை அடிச்சுத் தாங்கோ."

டிஸ்க்கைத் துடைத்துக் கணினியில் செருகினேன். விளக்கு ஒருதரம் மின்னி அணைந்தது. கருகல் மணம் வந்தது.

செயலாளர் மற்றதை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "வேண்டாம் அண்ணை, முதல் கடையிலை காட்டுவம்."

"கையை எடும் தம்பி. அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா."

அதுவும் மின்னி அணைந்தது. அந்த அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

பக்கத்து ஊரான திருநெல்வேலியில், கணினி திருத்தும் கடைப் பெடியன் கழற்றிப் பார்த்தான். வயர் செருகும் துளைக்குள் சந்தனம் ஈரமாகவே இருந்தது. "ஆர் அண்ணை உதுக்குப் பொட்டு வைச்சது? பொம்பிளை பாக்க வந்தவையோ?" என்றவன், எங்கள் கோலத்தைக் கண்டு குரலைத் தாழ்த்தினான். "உது என்னாலை ஏலாது. கொழும்புக்கு அனுப்புங்கோ. வந்தால் வரும். காசு கனக்கப் போகும்."

வாசிகசாலையிடம் இருந்தது ஓடு மாற்றச் சேர்த்த காசு மட்டும்தான். தலைவர் வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அனுப்பு" என்றார்.

கொழும்பிலிருந்து முதலில் வந்த செய்தி, ஒரு டிஸ்க் முழுதாகப் போய்விட்டது என்பது. மற்றதைப் பற்றிப் பேச்சில்லை. அந்த அம்மா தினமும் வந்து, ஒன்றும் கேட்காமல், பத்திரிகை மேசையில் இருந்துவிட்டுப் போனார். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

திவசத்துக்கு முதல்நாள் பின்னேரம் கோப்புகள் வந்தன. பாதிக்கு மேல் திறக்கவில்லை. அவரது கணவரின் கல்வெட்டில் பாட்டுகள் இல்லை, வம்சாவளி இல்லை. முதல் பக்கம் மட்டும் திறந்தது. மீசை வைத்த, சிரிக்காத முகம்.

அச்சடித்த தாளை அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். "எவ்வளவு காசு முடிஞ்சுது?"

"ஒண்டுமில்லை அக்கா, பேப்பர்க் காசுதான்" என்றார் தலைவர்.

ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய்.