கரண்ட் போகாத மூன்று மாதம்

பக்கத்து அறையில் ஒரு பெண் விம்மும் சத்தம் கேட்டது. லாசரின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

தலைமையாசிரியை ஈவ்லின் முன்னால் உட்கார்ந்து அழுதவள் அமுதவல்லி; ஏற்காட்டின் கொட்டச்சேடு கிராமத்தில் காப்பிப் பழம் பறிப்பவள். இந்தப் பள்ளியில் படித்த அவள் மகள் ஜீவாவுக்கு நர்சிங் படிக்க வெளிமாநிலக் கல்லூரி ஒன்று இலவச இடம் தந்திருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் சம்மதம் கேட்டுப் பள்ளி முகவரிக்கு அனுப்பிய மெயில் வந்து சேரவேயில்லை. இன்று பத்தொன்பது. கல்லூரிக்குப் போன் செய்து கேட்டால், மெயில் திரும்பி வந்துவிட்டதாம். இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டதாம்.

பள்ளிக்கு டைப்பிஸ்டாக வந்த லாசர், பள்ளிக்கு வரும் மெயிலையெல்லாம் வாங்கித் தரும் மெயில் சர்வர் பெட்டியைத் தானே கற்று நிறுவியவர். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. "லாசருக்குச் சம்சாரமே அந்தப் பொட்டிதானுங்க. அதுக்குச் சளி புடிச்சா கசாயம் வெப்பாரு" என்று ஈவ்லின் கேலி செய்வார்.

லாசர் இப்போது சோதித்துப் பார்த்தார். வெளியூர் சர்வர்கள் நம்புவதற்காகப் பெட்டி காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிப் பத்து நாளாகியிருந்தது. கண்டிப்பான சில சர்வர்கள் மெயிலைத் தராமல் திரும்பியிருந்தன. போனில் பள்ளி மெயிலைத் திறக்கையில் எச்சரிக்கை வந்தபோதெல்லாம் டீச்சர்கள் 'சரி' என்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் தானாக வந்து இறங்கிய புதுச் சான்றிதழ் நாற்பது நாளாக உள்ளேயே கிடக்கிறதே!

லாசருக்குச் சுரீரென்று உறைத்தது. சர்வர் ஒருமுறை நின்று எழுந்தால்தான் புதியதை எடுத்துக்கொள்ளும். அதற்கு அவர் தனியாக ஏற்பாடு எதுவும் செய்ததில்லை. ஏற்காட்டு மழையில் வாரம் இருமுறை கரண்ட் போகும். பெட்டி தானே அணையும், தானே எழும். வருடக்கணக்காக வண்டி அப்படியே ஓடிவிட்டது. ஏப்ரலில் பெரிய இன்வெர்ட்டர் வாங்கச் சொன்னவரும் அவரே. அன்றிலிருந்து பெட்டி அணையவேயில்லை.

ஒரே கட்டளை, பத்து விநாடி. சான்றிதழ் புதிதாகிவிட்டது. பாவி, இந்தப் பத்து விநாடிக்காகவா ஒரு பிள்ளையின் வாழ்க்கை!

கதவருகே அமுதவல்லி நின்றாள்.

"ஏனுங்க சார், ரிப்பேர் சரியாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சும்மா."

"அப்ப பாப்பாவுக்கு அந்த லெட்டரு இனி வந்துருமுங்களா?"

பெட்டியின் மேல் பழியைப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. லாசர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வராதும்மா. பொட்டி மேல தப்பில்லீங்க. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பாப்பா துணிமணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்குதுங்க சார்."

"நானும் ஊட்டுக்கு வரட்டுங்களா? நானே பாப்பாகிட்டச் சொல்றேன்."

"வேண்டாமுங்க. உங்க முன்னால அவ அழமாட்டா. அழுதாத்தானுங்க மனசு ஆறும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பஸ்சுக்கு நேரமாச்சுங்க."

வெளியே போய், கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.