த்வாண்டே வயலில் ஐந்து நாய்களும் ஒரு நரியும்

த்வாண்டேக்கு எல்லோரும் பானை பார்க்கப் போவார்கள். நான் போனது நரி வேட்டைக்கு. மார்கழி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ரங்கூனில் லான்மடாவ் பக்கம் நூல், பொத்தான், ஜிப் விற்கிற கடைக்காரிக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் தங்கை கௌரி, த்வாண்டேக்காரர் கோ டின்னைக் கட்டிக்கொண்டு அங்கே வாத்து வளர்க்கிறாள். நரி முகத்தில் முழித்தால் நல்லது என்று நம்மாட்கள் சொல்வதுண்டு. அவள் பன்னிரண்டு நாளாக அந்த முகத்தில்தான் முழித்தாள். முப்பத்தொரு வாத்து போனதுதான் மிச்சம். "இதுக்கு மேல முடியல்ல அக்கா. எல்லாத்தையும் வித்துட்டு சிங்கப்பூர்ல வீட்டு வேலைக்குப் போயிடலாம்னு இருக்கு" என்று போனில் சொன்னாள். எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவள் அவள். நரியைப் பிடித்துவிட்டால் அவள் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். பிடிக்காமல் திரும்புவதில்லை என்றும் முடிவு கட்டினேன்.

நாள் குறித்தது நான்தான். கடைச் சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரில் வியாழன் அமாவாசை. அன்றைக்கு உயிர்க்கொலை ஆகாது, ஆகவே வெள்ளி. எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

காலை ஐந்தேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, டாக்சியில் பத்து நிமிடத்தில் பன்சோடான் படகுத்துறை. ஆற்றில் பனிமூட்டம், எதிர்க்கரை இருந்த இடமே தெரியவில்லை. படகு கிளம்ப ஆறு ஐம்பது ஆகிவிட்டது. ஆற்றைக் கடக்கப் பத்தே நிமிடம்தான். எதிர்க்கரை ஊரான தலாவில் மோஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் ஒரு கிண்ணம் இரண்டாயிரம் க்யாட்; சூடாக இருந்தது, அதற்கு மேல் புகழ ஒன்றுமில்லை. அங்கிருந்து த்வாண்டே சுமார் பதினைந்து மைல். மோட்டார்சைக்கிள்காரர் இருபதாயிரம் கேட்டார், பதினைந்தாயிரத்துக்கு இறங்கினார். பனியில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்து போனதில் என் காது மரத்துப்போயிற்று. கம்பளிக் குல்லாய் கொண்டுபோங்கள்.

எட்டேகாலுக்கு வாத்துப்பட்டி முன்னால் ஊ பா காத்திருந்தார். "ஊ" என்பது இங்கே வயதில் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் வைக்கும் மரியாதை. அறுவடை முடிந்த வயல்களில் எலி பிடிக்க நாய்களோடு போவதுதான் அவர் பிழைப்பு. ஐந்து நாய்கள், மூத்தது ப்யூலே என்ற வெள்ளைப் பெட்டை, ஒரு காது பாதி கிழிந்தது. எல்லாம் சரி, மனிதர் கையில் ஒரு தடிகூட இல்லை.

"இன்னைக்கு எங்களுக்கு உபோசத விரத நாள் அம்மா" என்றார். "ஓடுவேன், தேடுவேன், மடக்குவேன். கொல்ல மட்டும் மாட்டேன்."

பர்மியக் காலண்டரில் அமாவாசை வெள்ளிக்கிழமை விழுந்திருக்கிறது! சில மாதம் இரண்டு காலண்டருக்கும் ஒரு நாள் இடிக்கும் என்பது இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா? தெரியும், பார்க்கவில்லை. என் பாவத்தைத் தள்ளி வைக்கப் போய் அவர் விரத நாளில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

"நாளைக்கு வெச்சுக்கலாமா?" என்றார் கோ டின், பாவம், நல்ல மனுஷன்.

"நாளைக்குள்ள இன்னும் மூணு வாத்து போகும். உயிரோட பிடிப்போம்" என்றாள் கௌரி. நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன்.

ஒன்பதரைக்குப் பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நாய்கள் பட்டியின் பின்பக்கத்திலிருந்து மோப்பம் பிடித்து, அறுத்த தாள் குத்தும் வயலில் ஒரு மைல் தூரம் எங்களை இழுத்தன. வைக்கோல் போருக்குப் பின்னால் செம்பழுப்பாக ஒன்று எழுந்து ஓடியதை நானே பார்த்தேன். நாய்கள் கத்திக்கொண்டு பாய்ந்தன. கால்வாய்க் கரையில் நரி மாயமாய் மறைந்தது.

பதினொன்றே முக்காலுக்கு, மார்கழியில் வரக்கூடாத மழை வந்தது. தூறல் இல்லை, கொட்டித் தீர்த்தது. மோப்பமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகையில் நாய்களோடு நாய்களாக ஒண்டியிருந்தோம். "இனி நாய்க்கு வேலையில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார் ஊ பா. பற்கள் அடித்துக்கொள்ள, "நான் போகமாட்டேன்" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வெற்றிலை மடித்தார்.

ஒன்றரைக்கு மழை விட்டது. கௌரி கட்டியிருந்த லோஞ்சியை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு கால்வாயில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர், ஐஸ் மாதிரி. அக்கரை ஏறி, சேற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். அரை மணி நேரம் கழித்துக் கையைத் தூக்கினாள். மழைக்குப் பின் பதிந்த புதுக் கால்தடம்! மோப்பத்தைக் கழுவிய மழையே தடத்தைக் காட்டிக் கொடுத்தது. நாங்களும் இறங்கினோம். என் செருப்பு இன்னும் அந்தக் கால்வாயில்தான் இருக்கிறது.

தடம் போய் முடிந்த இடம், சூளையில் கோணிப்போய் யாரோ வரப்பில் போட்டுவிட்ட பெரிய தண்ணீர் ஜாடி. ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிது. படுத்துக் கிடந்த ஜாடிக்குள் நரி பின்வாங்கிப் பல்லைக் காட்டியது. நாய்கள் சுற்றி நின்று குரைத்தன. ஊ பா ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டினார். ப்யூலே மட்டும் கேட்கவில்லை. அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். கௌரி கையோடு கொண்டுவந்த வாத்து வலையை நாலாக மடித்து ஜாடி வாயில் போட்டு இறுக்கினாள். மணி மூன்று பத்து.

ஜாடியோடு ஏற்ற மூன்று சக்கர சரக்கு வண்டி வந்தது. வண்டிக்காரர் முதலில் மறுத்தார், பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாடகையை முப்பதாயிரமாக்கினார். மேற்கே பன்னிரண்டு மைல், கடைசி வீடும் தாண்டிப் புதர்க்காடு. வலையை அவிழ்த்ததும் நரி ஒரே ஓட்டம். எனக்கு ஒரே குஷி. திரும்பும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, "நரி ஒழிஞ்சது. இனி சிங்கப்பூர் பேச்சே எடுக்காதே" என்றேன்.

கௌரி காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினாள். "பேப்பர் போன மாசமே வந்துடுச்சு அக்கா. தமிழ் வீடுதான், ரெண்டு பிள்ளைங்களைப் பாத்துக்கணும். வாத்துல சாப்பாடு ஓடுது, அதுக்கு மேல ஒண்ணும் வரல்ல."

"அப்ப எதுக்குடி இன்னைக்கு இந்தப் பாடு பட்டே?"

"நான் இருந்தா ராத்திரிக் காவல் ஆளுக்குப் பாதி பாக்கலாம். நான் போனப்புறம் அவரு ஒத்தை ஆளு. கொஞ்சமாவது தூங்கணும்ல."

எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டையும் வண்டிச் சத்தத்தில் முடித்துக்கொண்டேன். நான் நாள் முழுக்க அவளை நிறுத்தி வைக்க ஓடினேன். அவள் நிம்மதியாகப் புறப்பட ஓடினாள். அவளுடைய பிடிவாதம்தான் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். தை பிறந்த நாலாம் நாள் விமானம் ஏறினாள்.

போகிறவர்களுக்கு: மார்கழியிலும் மழைக்கோட்டு வேண்டும். முதல் படகை நம்பி நேரம் குறிக்காதீர்கள், பனி விட்டால்தான் போகும். படகில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், பாஸ்போர்ட் கையிலிருக்கட்டும். இரவு தங்குவதானால் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். நரியோ நாயோ பிறாண்டினால் அன்றே ஊசி போடுங்கள். நாளைப் பர்மியக் காலண்டரில் பார்த்துக் குறியுங்கள். கால்வாயோரம் வாத்துப்பட்டி எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கோ டின் உட்காரவைத்து முட்டை அவித்துத் தருவார். வீட்டுக்காரம்மா எங்கே என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.